இறால் ஏன் இனித்தது

ருக்மணி மெஸ்ஸில் புதனும் ஞாயிறும் இறால் தொக்கு. சித்தூர் கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பதினோரு வருஷமாக அவள் அந்த மெஸ்ஸை நடத்துகிறாள். ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, வக்கீல் குமாஸ்தா ஒருவர் இரண்டாம் முறையும் தொக்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னாம்மா போட்டீங்க இதுல? தித்திக்குதே" என்றார்.

வேறு யாராவது என்றால் மகிழ்ந்துபோயிருப்பார்கள். ருக்மணி உள்ளே போய் ஒரு துண்டு இறாலை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். இனிக்கத்தான் செய்தது. காரமும் புளிப்பும் அடங்கிய பிறகு, நாக்கின் அடியில், இளநீர் வழுக்கையைப் போல ஒரு இனிப்பு. அவள் தொக்கில் அது இருந்ததே இல்லை.

"செங்கம்மா, வெல்லம் கில்லம் போட்டியா?"

செங்கம்மா ஒன்பது வருஷமாக அந்த அடுப்படியில் நிற்பவள். கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எறாவுக்கு எவளாவது வெல்லம் போடுவாளா?"

ருக்மணி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய், வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள், புளி என்று ஒவ்வொன்றும் விழும்போது கண் கூடவே போனது. செங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். தொக்கு அன்றும் இனித்தது. கடைசியில் ருக்மணி நான்கு இறாலை வெறும் தண்ணீரில், உப்புகூடப் போடாமல், வேகவைத்துத் தின்று பார்த்தாள்.

"இப்ப இன்னா சொல்ற?" என்றாள் செங்கம்மா. "தண்ணியில வெல்லம் கரைச்சனா?"

மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை ருக்மணிக்கு. சந்தேகம் ஏற்கெனவே வேறு இடத்துக்குப் போயிருந்தது.

இறால் வருவது அவள் புருஷனின் தம்பி மணிவேலிடமிருந்து. நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன், மூன்று வருஷத்துக்கு முன்னால் நாராயணவனத்துக்கு வெளியே அரை ஏக்கர் குட்டையைக் குத்தகைக்கு எடுத்து நன்னீர் இறால் வளர்க்க ஆரம்பித்தான். ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டி புத்தூர் பஸ்ஸில் ஏறி வரும். ருக்மணியின் புருஷன் வேதாச்சலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இறக்கிவருவான்.

சூளூர்பேட்டைப் பக்கத்திலிருந்து உப்பு ஏரி இறாலை வாங்கி, தன்னுடையது என்று தலையில் கட்டுகிறானோ? பெட்டி வந்ததும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். நீலம் பாய்ந்த நீளக் கொடுக்கு. சந்தேகமே இல்லை, நல்ல தண்ணீர் இறால்தான். ஐஸில் ஏதாவது பவுடர் தூவுகிறானோ? மூன்று தண்ணீரில் அலசினாள். இனிப்பு போகவில்லை.

அதோடு இன்னொன்றும் உறுத்தியது. சித்திரையில் மணிவேல் புலம்பிய புலம்பல் அவளுக்கு நினைவிருந்தது. தீனி மூட்டை மூட்டையாகப் போகிறது, இறால் விரல் நீளத்துக்கு மேல் வளரமாட்டேன் என்கிறது என்று. இப்போது பெட்டியில் வருவது ஒவ்வொன்றும் உள்ளங்கையை நிரப்பியது. ஃபோன் போட்டாள்.

"தீனியை ஏத்திட்டியா மணி?"

"இல்ல அண்ணி, முன்னைக்கு இப்ப கம்மி. ஆனா சும்மா கிண்ணுனு ஏறுது."

"கம்மியா துன்னுட்டு எப்படிடா தேறும்?"

"கைராசி அண்ணி" என்று சிரித்தான்.

"வெள்ளிக்கிழமை வந்து பாக்கட்டா?"

சிரிப்பு நின்றது. "இப்ப வாணாம் அண்ணி. கரையெல்லாம் ஒரே சேறு. ஆடி பொறக்கட்டும், நானே கூப்பிடறேன்."

நாற்பது நாளாக அந்தப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. சேறு எங்கிருந்து வந்தது?

வேதாச்சலம் சித்தூருக்கு வெளியே ஒரு மாங்காய் கம்பெனியில் யார்டு சூப்பர்வைசர். சீசனில் கூழ் எடுப்பார்கள். பச்சை மாங்காயை நறுக்கி உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு டிரம் டிரம்மாக வெளிநாட்டுக்கும் அனுப்புவார்கள். அன்று சாயங்காலம் சோறு போடும்போது ருக்மணி எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள்.

"உனக்கு எதுலதான் சந்தேகமில்ல?" என்றான். "நல்லா இல்லன்னாலும் சந்தேகம், நல்லா இருந்தாலும் சந்தேகம்."

"சேறுன்னு ஏன் பொய் சொல்றான்?"

"தண்ணி கிண்ணி பாஞ்சிருக்கும். வுடு ருக்கு."

தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தால் கேலியாக நாலு வார்த்தை சொல்லாமல் வேதாச்சலம் விடமாட்டான். அன்று ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் சோறு மிச்சமிருக்கும்போதே கை கழுவ எழுந்துபோனான். அதையும் ருக்மணி பார்த்தாள்.

புதன்கிழமைகளில் தபிதா என்றொரு பெண் மெஸ்ஸுக்குச் சாப்பிட வருவாள். காலேஜில் விலங்கியல் லெக்சரர், முப்பது வயதிருக்கும். திருப்பதியில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தபோது இறாலைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து, அது ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மூச்சு விடுகிறது என்று நான்கு வருஷம் அளந்ததாக ஒருமுறை சொன்னபோது மெஸ்ஸே சிரித்தது. இப்போது ருக்மணி அவளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டீச்சர், நல்ல தண்ணி எறா தானா தித்திக்குமா?"

தபிதா தொக்கில் ஒரு துண்டை எடுத்து, மசாலாவை வழித்துவிட்டு மென்றாள். இன்னொன்றையும் மென்றாள். "இது எந்தக் குட்டை?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"நல்ல தண்ணியில இருக்குற எறாவோட ரத்தத்துல, வெளியில இருக்குறதை விட உப்பு ஜாஸ்தி. அது வெளியே கசிஞ்சிக்கினே இருக்கும். போன உப்பை மறுபடி உள்ள இழுக்கணும், உள்ள வர்ற தண்ணியை வெளிய தள்ளணும். தூங்குறப்பகூட அந்த வேலை நிக்காது. துன்ற தீனியில ஒரு பங்கு, விடற மூச்சுல ஒரு பங்கு அதுக்கே சரியாப் போயிடும்."

"சரி."

"தண்ணியில கொஞ்சம் உப்பு ஏறிச்சின்னா அந்த வேலை மிச்சம். நான் வெச்சிருந்த ஜாடியிலயே பாத்தேன், மூச்சு அப்படியே தணியும். மிச்சமான தீனி சதையா மாறும்."

கம்மியா துன்னுது, கிண்ணுனு ஏறுது. ருக்மணிக்குக் காதில் அவன் குரலே கேட்டது.

"தித்திப்பு?"

"வெளியில உப்பு ஏற ஏற, அதுக்கு ஈடு கட்ட சதைக்குள்ள சில சத்துங்களை சேத்து வெச்சிக்கும். அதுங்க நாக்குக்குத் தித்திப்பா தெரியும். கடல் எறா ருசியா இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்." தபிதா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நீங்க சொல்றது உள்நாட்டுக் குட்டை. அங்க உப்பு தானா வராதுங்க. யாரோ ஊத்தறாங்க."

போகும்போது பையிலிருந்து இரண்டு சுத்தமான பாட்டில்களை எடுத்துக் கொடுத்தாள். "மேல்தண்ணி வாணாம். முழங்கை ஆழத்துல புடிச்சிட்டு வாங்க, அளந்து சொல்றேன்."

வெள்ளிக்கிழமை நாராயணவனம் கோயிலுக்குப் போய்விட்டு வருவதாக ருக்மணி புருஷனிடம் சொன்னாள். சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"நானும் வரட்டா?"

சொந்தக் கல்யாண நாளுக்குக்கூடக் கோயில் வாசலோடு நின்றுவிடுகிற மனுஷன். "சீசன்ல உனக்கேது லீவு" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். புத்தூர் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கோயில் கோபுரத்தைப் பார்த்தபடியே நேராகத் தாண்டிப் போனாள்.

குட்டைக் கரையில் சேறு இல்லை. வெடித்துக் காய்ந்திருந்தது. தண்ணீர் ஓரத்தில் மாவு தூவியது போல வெள்ளையாக ஒரு படிவு. கரையை ஒட்டிப் பெரிய டயர்த்தடம், வந்து வந்து போய் ஆழமாகப் பதிந்திருந்தது. விரலால் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. மண்டியிட்டு, முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டு ஒரு பாட்டிலை நிரப்பினாள்.

"ஏய், யாரு நீ? அந்தாளுக்கு ஆளா?"

பக்கத்து நிலத்திலிருந்து ஒருத்தி மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தாள். நாற்பது வயது, வெயிலில் கறுத்த மெலிந்த உடம்பு.

"மணிவேல் என் கொழுந்தன்" என்றாள் ருக்மணி. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பட்டது.

"அப்ப சரியாத்தான் கேட்டேன். தண்ணியை மொண்டுக்கினு எங்க போற? டெஸ்ட்டு கிஸ்ட்டு பண்ணி நல்ல தண்ணின்னு எழுதி வாங்கப் போறியா?"

"இல்லம்மா. இதுல உப்பு எப்படி வந்துச்சின்னு தெரிஞ்சிக்கத்தான் வந்தேன்."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை. ஆனாலும், "வா" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அவள் பெயர் கன்னிகா. கால் ஏக்கர் மல்லிகைத் தோட்டம், நடுவில் கிணறு. மல்லிகை இலைகள் நுனியிலிருந்து நெருப்புப் பட்டதுபோலக் கருகி உள்ளே சுருண்டிருந்தன. கன்னிகா ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு நீட்டினாள். ஒரு வாய் குடித்ததும் ருக்மணிக்குத் தொண்டை கரித்தது.

"ஆறு வாரமா இப்படி. பருப்பு வேகல, பால் ஊத்தினா டீ திரிஞ்சி போவுது. கேட்டா, கெணறு வத்தினா அப்படித்தான் இருக்கும்னு உன் கொழுந்தன் சொல்றான். சித்திரையில முப்பது மொழம் பூ எடுத்த தோட்டம்க்கா இது."

ருக்மணி இரண்டாவது பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டாள். அப்போதுதான் லாரிச் சத்தம் கேட்டது.

"தோ, வருது பாரு" என்றாள் கன்னிகா. "வாரத்துல ரெண்டு நாளு. பட்டப்பகல்லயே."

டேங்கர் கரையோரமாகப் பின்வாங்கி நின்றது. டிரைவர் இறங்கிக் குழாயை மாட்டித் திறந்தான். தண்ணீர் குட்டையில் விழ விழ, காற்றோடு வந்த வாசனையில் ருக்மணி சட்டென்று நின்றாள். சமையல்காரியின் மூக்குக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பச்சை மாங்காய் ஊறிய உப்புத் தண்ணீர். ஊறுகாய் ஜாடியின் அடியில் நிற்கும் அதே புளித்த வாடை.

கிட்டே போனாள். "இது இன்னா தண்ணிப்பா?"

"மாங்கா கம்பெனி நீள்ளும்மா" என்றான் டிரைவர் நாகையா, தமிழும் தெலுங்கும் கலந்து. "ஊறப்போட்ட நீள்ளு. நீங்க எவரு?"

அதற்குள் பைக்கில் மணிவேல் வந்துவிட்டான். அண்ணியைப் பார்த்ததும் பைக்கை ஸ்டாண்டு போடக்கூட மறந்து கையில் பிடித்தபடி நின்றான். நாகையாவுக்கு ஏதோ தப்பு என்று புரிந்தது. பையிலிருந்து ஃபோனை எடுத்தபடி மணிவேலிடம் கேட்டான்:

"அண்ணா, வேதாச்சலம் சாருக்கு ஃபோன் சேயனா?"

மணிவேலை ஏமாற்றுக்காரன் என்று ருக்மணி இத்தனை நாளாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். ஏமாற்றியவன் தினமும் அவள் கையால் சோறு தின்றுகொண்டிருந்தான்.

"உங்க அண்ணன் அனுப்பறானா இதை?" என்று கேட்டாள்.

மணிவேல் தரையைப் பார்த்தான். "அண்ணி, கம்பெனியில இதைக் கொட்ட எடமில்ல. சுத்தம் பண்ற மெஷினு ரிப்பேரு. எங்கயாவது கொண்டுபோய் ஊத்துன்னு அண்ணனைப் போட்டு நெருக்கறாங்க. எனக்கும் எறா ஏறல. கொஞ்சம் உப்பு இருந்தா நல்லா தேறும்னு ஒருத்தர் சொன்னாரு, சரின்னேன். மாங்கா ஊறின தண்ணிதானே, விஷமா? எறாவே நல்லா இருக்குதே!"

"எறா நல்லா இருக்குதுடா" என்றாள் கன்னிகா. "நான் நல்லா இருக்கறனா?"

டேங்கர் கொட்டிக்கொண்டேயிருந்தது. ருக்மணி போய்க் குழாயின் பிடியைத் திருகி மூடினாள். அதைத் தடுக்க நாகையாவுக்கும் கை எழவில்லை.

அளவு தெரியும்வரை புருஷனிடம் கேட்பதில்லை என்று அன்று இரவு ருக்மணி பொறுத்துக்கொண்டாள். மறுநாள் காலேஜ் லேபில் தபிதா கையடக்கமான ஒரு கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "கடல் தண்ணின்னா லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம் உப்பு காட்டும். நல்ல தண்ணின்னா ஒண்ணும் காட்டாது. குட்டை எட்டு." மற்ற பாட்டிலையும் பார்த்தாள். "கெணறு ரெண்டு. ரெண்டுன்னா சின்னதுன்னு நெனைக்காதீங்க. மல்லிகை தாங்காது, குடிக்கவும் ஆவாது." இரண்டையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டாள். "எறாவுக்கு எட்டு சொகம். இன்னும் ஏத்தினா, பதினஞ்சு இருபதைத் தாண்டினா, அதுக்கும் கஷ்டம்தான்."

ருக்மணி இரண்டு பாட்டில்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். வேலையிலிருந்து வந்த வேதாச்சலம் அதைப் பார்த்தான். பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டான்.

"மணி சொல்லிட்டானா?"

"நீ சொல்லல."

"நான் இன்னா பண்றது ருக்கு? ஏரியில ஊத்துன்னாங்க. ஏரியில வாணாம், ஊரே குடிக்கிற தண்ணின்னு சொல்லி, தம்பி குட்டைக்குத் திருப்பினேன். அரை ஏக்கருக்குள்ள அடங்கிடும்னு நெனச்சேன்."

"தண்ணி வரப்புக்குள்ள நிக்கும்னு உனக்கு யாரு சொன்னது?"

அவன் ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தான்.

"ஒரு ஞாயித்துக்கெழம பூரா நான் பைத்தியக்காரி மாதிரி செங்கம்மா கையைப் பாத்துக்கினு நின்னேன். உன் எதிர்லயே எல்லாத்தையும் சொன்னேன். எதுலதான் உனக்கு சந்தேகமில்லன்னு கேட்டியே, எப்படி வாய் வந்தது?"

அன்று அவன் அழுதான். அழுகைகூட உண்மைதானா என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே வெறுப்பும் வந்தது. செங்கம்மாவிடம் மட்டும் மறுநாள் காலையில் போய், "தப்பு என்னுது" என்றாள். செங்கம்மா, "இப்பவாவது தெரிஞ்சிதே" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்தாள். அந்த ஞாயிறு மெஸ்ஸில் இறால் இல்லை.

திங்கட்கிழமை ருக்மணியும் கன்னிகாவும் திருப்பதி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் வரிசையில் நின்றார்கள். மனுவில் கம்பெனியின் பெயர் இருந்தது. மணிவேலின் பெயரும் இருந்தது. டேங்கரை அனுப்பியவர் என்று வேதாச்சலத்தின் பெயரை எழுதும்போது கன்னிகா பேனாவை நிறுத்தி, "போடட்டாக்கா?" என்று கேட்டாள். ருக்மணி தலையாட்டினாள். முதல்நாள் இரவே வேதாச்சலத்திடம் சொல்லியிருந்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன நடந்ததென்று தன் கையால் எழுதிய ஒரு தாளையும் கொடுத்தனுப்பியிருந்தான்.

பத்து நாளில் அதிகாரிகள் வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள். டேங்கர் நின்றது. எல்லாம் சூப்பர்வைசர் தன்னிச்சையாகச் செய்தது, எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்து, வேதாச்சலத்தை வேலையிலிருந்து நீக்கியது. அவனுடைய தாளைப் படித்த அதிகாரிகள் கம்பெனிக்கும் நோட்டீஸ் அனுப்பினார்கள், விசாரணை இழுத்துக்கொண்டிருக்கிறது. மணிவேல் இறால் முழுவதையும் ஒரே நாளில் பிடித்து விற்றுவிட்டுக் குட்டையைக் கைவிட்டான். அண்ணியின் ஃபோனை அவன் எடுப்பதில்லை. உப்பாகிப்போன தண்ணீரை எங்கேயும் திறந்துவிடக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டதால், அது வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டிருந்தது.

வேதாச்சலம் இப்போது மெஸ்ஸில் காய் நறுக்குகிறான். செங்கம்மா அவனைச் சும்மா விடுவதில்லை. சனிக்கிழமைதோறும் அவன் நாராயணவனம் போகிறான். ஊருக்கு மேற்கே இருக்கும் ஒரு போர்வெல்லிலிருந்து வாடகை டிராக்டரில் நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் கன்னிகாவின் மல்லிகைக்குப் பாய்ச்சுகிறான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. முதல் தடவை கன்னிகா அவனை வரப்பிலேயே நிறுத்தித் திட்டித் தீர்த்தாளாம். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டுப் பிறகு குழாயை இழுத்தானாம். செடிகளில் மூன்றில் ஒரு பங்கு பட்டுப்போய்விட்டது. மற்றவை ஆவணியில் இரண்டு மழை பெய்த பிறகு துளிர்விட ஆரம்பித்தன.

அடுத்து வந்த சனிக்கிழமை வேதாச்சலம் காலையிலேயே கிளம்பினான். பதினோரு மணிக்கு, மெஸ்ஸில் கூட்டம் சேர்வதற்கு முன்னால், ருக்மணி பின்கட்டுக்கு வந்து கன்னிகாவுக்கு ஃபோன் போட்டாள்.

"வந்தாரா?"

"வந்துட்டாருக்கா. தோ, பைப்பை இழுத்துக்கினு போறாரு. ஏன், பேசணுமா? கூப்பிடட்டா?"

"வாணாம்" என்றாள் ருக்மணி. "நான் ஃபோன் பண்ணதை அவர்கிட்ட சொல்லாத."

அடுத்த சனிக்கிழமையும் அவள் ஃபோன் செய்தாள்.